பத்துக்கு எத்தனை?

கார் விற்கிறவர்கள் கார் விற்றுச் சம்பாதிக்கிறார்கள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், அந்த நினைப்பை இப்போதே ஓரமாக வைத்துவிடுங்கள். பத்தண்ணன் பதினாறு வருஷமாகக் கார் விற்றவர். காரில் உங்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், "நின்னு நின்னு முழங்கால் வலி" என்பார். வேடிக்கைக்குச் சொல்கிற முகம் இல்லை அவருக்கு.

மாசச் சம்பளம் என்று ஒன்று உண்டு. அது வீட்டு வாடகையை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். மீதி எல்லாம் இன்சென்டிவ். அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. மாசத்துக்கு ஐந்து கார் விற்றால் ஒரு காசு கிடையாது, தோளில் ஒரு தட்டு மட்டும்தான். ஆறாவது கார் போனால்தான் கதவு திறக்கும், திறந்தால் முதல் காரிலிருந்து சேர்த்துக் கொடுப்பார்கள். காரை விடச் சீட் கவரில் அதிகம் கிடைக்கும். சீட் கவரை விட இன்சூரன்ஸில். வாங்க வருகிறவர் கடைசி நிமிஷத்தில் கால் மிதியடி ஒன்று இலவசமாகக் கேட்பார், ஷோரூமும் பெருந்தன்மையாகக் கொடுக்கும். அந்தப் பெருந்தன்மை யார் பங்கிலிருந்து போகிறது என்று அவருக்குத் தெரியாது. பத்தண்ணனுக்குத் தெரியும்.

இதெல்லாம் போதாதென்று தலைமை ஆபீஸில் யாரோ உட்கார்ந்து யோசித்து இன்னொன்றையும் கொண்டுவந்து வைத்தார்கள். கார் கொடுத்த சில நாளில் வாங்கினவருக்கு ஒரு போன் வரும். ஷோரூம் எப்படி, சேல்ஸ்மேன் எப்படி என்று நாலு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை மார்க். பத்தும் ஒன்பதும் பாஸ். எட்டு பெயில். எட்டு எப்படி ஐயா பெயில் ஆகும் என்று என்னைக் கேட்காதீர்கள். பத்தண்ணனே கேட்டுப் பார்த்தார், "சிஸ்டம் அப்படி" என்றார்கள். மாசத்தில் ஒரு பெயில் விழுந்தால் அந்த மாச இன்சென்டிவ் பாதியாகிவிடும்.

அதனால் ஒவ்வொரு டெலிவரியின்போதும், புதுக் காரை மூடியிருக்கிற சிவப்புத் துணியை இழுத்து, போட்டோ எடுத்துச் சாவியைக் கையில் வைக்கிற அந்த நிமிஷத்தில், அவர் குரலைத் தாழ்த்தி, "சார், ஒரு போன் வரும். பத்துன்னு சொல்லிடுங்க. ஒன்பது கூட வேணாம்" என்பார். மற்றவர்களும் சொல்வார்கள்தான். ஆனால் இவர் வாசல் வரை போய், கண்ணாடியை இறக்கச் சொல்லி, இன்னொரு தரமும் சொல்வார். பேர் அப்படித்தான் வந்தது. அவருடைய சொந்தப் பேர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

வீட்டில் அவரும் மனைவியும் மட்டும். மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் அவருக்கு ஒரே ஒரு சந்தோஷம், அன்றைக்கு ஷோரூமில் நடந்ததை மனைவிக்கு நடித்துக் காட்டுவது. டெஸ்ட் டிரைவ் எடுத்துக்கொண்டு மாமியார் வீட்டுக்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்த மாப்பிள்ளை, கார் வாங்க வந்து ஏசிக் காற்றில் தூங்கிப்போன பெரியவர் என்று தினம் ஒருத்தர் கிடைப்பார். ஷோரூமில் சிரிக்காத மனுஷன், வீட்டில் தன் கதைக்குத் தானே முதலில் சிரிப்பார். மனைவியும் சரியான இடத்தில் சிரிப்பாள். இருபத்தைந்து வருஷத்துக் குடும்பம் பெரும்பாலும் இந்தச் சிரிப்பில்தான் ஓடியது.

மனைவி முன்னால் நூல் மில்லில் வேலை பார்த்தவள். பதினெட்டு வருஷ மெஷின் இரைச்சல் அவள் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருந்தது. கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான் என்று பத்தண்ணன் நினைத்திருந்தார். நாலு மாசம் முன்னால் காய்கறிக்காரர் அவரை நிறுத்தி ஒரு விஷயம் சொன்னார். தெருமுனையில் ஒரு வேன் பின்னாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு வந்திருக்கிறது, இவள் நடுரோட்டில் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்திருக்கிறாள். டிரைவர் பிரேக் போட்டது முதுகுக்கு ஒரு முழம் தள்ளி. அப்படி ஒன்று நடந்ததே அவளுக்குத் தெரியாது. பையை ஆட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து பத்தண்ணனுக்கு மதியம் சோறு இறங்கவில்லை. காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு காதுக்கும் மெஷின் வைக்க வேண்டும் என்றார் டாக்டர். "எனக்கு நல்லாத்தான் கேக்குது, அந்த டாக்டருக்குத்தான் வாயில சத்து இல்ல" என்றாள் மனைவி. காது மெஷின் கடையில் ஜோடிக்கு விலை சொன்னார்கள். ஆறு கார் விற்ற மாசத்து முழு இன்சென்டிவ், கிட்டத்தட்ட அப்படியே. "அடுத்த மாசம் பதினஞ்சாம் தேதி வரைக்கும்தான் சார் இந்த விலை" என்றாள் கடைப் பெண். இதே வாக்கியத்தைத்தான் இவர் தினம் பத்துப் பேரிடம் சொல்கிறார். அதில் எவ்வளவு உண்மை என்று இவரை விட யாருக்குத் தெரியும்? இருந்தும் இன்னொருத்தர் வாயிலிருந்து வந்தபோது தேதியைக் குறித்துக்கொண்டார்.

அந்த மாசம் இருபத்தைந்தாம் தேதிக்கெல்லாம் ஐந்து கார் முடிந்திருந்தது. ஐந்து பேரிடமும் பத்து வாக்குறுதி வாங்கியாயிற்று. ஆறாவதுக்கு அவர் கையில் இருந்தது ஒரே ஒருத்தர், ரிட்டையரான கணக்கு வாத்தியார்.

வாத்தியார் அதற்கு முன் பத்துத் தடவை வந்திருந்தார். ஒரு கையில் நோட்டு, ஒரு கையில் அளவு டேப். தரையிலிருந்து சீட் எவ்வளவு உயரம் என்று ஒவ்வொரு காராக அளந்தார். அவர் மனைவிக்கு முழங்காலில் வலி, உயரம் ஏற முடியாது. "பெரிய வண்டியே எடுத்துடலாம்னு பையன் சொல்றான்" என்றார். பெரிய வண்டியில் பத்தண்ணனுக்கு ஒன்றரைப் பங்கு கிடைக்கும். வாத்தியார் கையிலிருந்த அளவு டேப்பைப் பார்த்தார். தன் முழங்காலும் ஞாபகம் வந்திருக்கலாம். "வேணாம் சார். சின்னதுல அம்மா சிரமமில்லாம உக்காருவாங்க" என்று சொல்லிவிட்டார். சொன்னதுமே தன்னைத் தானே நொந்துகொண்டார். வாத்தியார் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

முப்பதாம் தேதி மத்தியானம் பதினோராவது தடவையாக வாத்தியார் மனைவியோடு வந்தார். பணம் கட்டினார், வெள்ளை வண்டி, துணி இழுத்தாயிற்று, போட்டோவும் எடுத்தாயிற்று. அந்த அம்மா கைப்பிடியைக்கூடத் தொடாமல் உள்ளே ஏறி உட்கார்ந்தாள். பத்தண்ணனுக்கு மனசு நிறைந்துவிட்டது. சாவியைக் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சார், ஒரு போன் வரும். பத்துன்னு சொல்லிடுங்க."

"தம்பி, நான் முப்பத்தி நாலு வருஷம் கணக்கு சொல்லிக் குடுத்தவன். பத்துக்குப் பத்துன்னா அதுக்கு மேல ஒண்ணுமில்லைன்னு அர்த்தம். நாளைக்கு நீங்க இதைவிட நல்லா விப்பீங்க. அப்ப நான் என்ன போடுறது?"

"பதினொண்ணு போடுங்க சார்."

வாத்தியார் சிரிக்கவில்லை. "ஏழு போடறேன். ஏழு நல்ல மார்க். எங்க பையனுக்கே நான் ஆறுதான் போட்டிருக்கேன்."

"சார், எங்க ஆபீஸ்ல ஏழுன்னா பெயில்."

"அப்படி ஒரு பள்ளிக்கூடத்துல நான் வேலை பாத்ததில்ல" என்று சொல்லிவிட்டு வாத்தியார் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

பத்தண்ணன் உள்ளே வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். விற்பனைப் படிவத்தில் எல்லாம் ஏற்றியாயிற்று, வாங்கினவருடைய போன் நம்பர் மட்டும் பாக்கி.

அந்த ஷோரூமில் ஒரு பழக்கம் இருந்தது. மார்க் போட மாட்டார் என்று தெரிந்த ஆள் வாங்கினால், அவர் நம்பருக்குப் பதிலாகத் தன் வீட்டு ஆள் நம்பரைப் போட்டுவிடுவார்கள். சேல்ஸ்மேனுடைய நம்பர் என்றால் சிஸ்டம் கண்டுபிடித்துவிடும். மச்சினி நம்பர், மாமியார் நம்பர் என்றால் அதற்குத் தெரியாது. பக்கத்து மேஜைக்காரருடைய மச்சினி, ஆபீஸ் கணக்குப்படி, அந்த வருஷம் மட்டும் ஏழு கார் வாங்கியிருந்தாள். நிஜத்தில் அவளிடம் ஒரு சைக்கிள் இருந்தது. பத்தண்ணன் பதினாறு வருஷத்தில் ஒரு தடவைகூட இதைச் செய்ததில்லை. வாசல் வரை போய்க் கெஞ்சுவாரே தவிர நம்பரை மாற்ற மாட்டார். அன்றைக்கு மனைவியின் நம்பரை அடித்தார். அடிக்கும்போது அவருக்கு அந்த வேன்தான் ஞாபகத்தில் இருந்தது.

காது மந்தமானவளின் நம்பரையா கொடுப்பார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் தினம் தன் கதையை முழுக்கக் கேட்டுச் சரியான இடத்தில் சிரிக்கிறவளுக்கு நாலு கேள்வி கேட்காதா என்று அவர் நினைத்தார். ஒத்திகையும் பார்த்தார். சாயந்திரம் கூடத்தில் லைட்டைப் போட்டு, அவளை எதிரே உட்கார வைத்து, டிவி ரிமோட்டைக் காதில் வைத்துக்கொண்டார்.

"வணக்கம் மேடம், எங்க ஷோரூம் எப்படி இருந்தது?"

"பத்து."

"எங்க சேல்ஸ்மேன் எப்படி நடந்துகிட்டார்?"

"பத்து."

நாலுக்கு நாலும் பத்து. மூன்று தடவை கேட்டார், மூன்று தடவையும் அப்படியே சொன்னாள். "நான் யாரு இப்ப?" என்று கேட்டாள். "ஒரு கணக்கு வாத்தியாரோட சம்சாரம்." "வண்டி என்ன நிறம்?" "வெள்ளை." "பொய்யில்லையே?" என்றாள். அவர் ரிமோட்டைக் கீழே வைத்தார். "நிறம் பொய்யில்ல" என்றார். "அப்ப சரி. உங்களுக்குப் பத்து போடறதுல எனக்கென்ன கஷ்டம்" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனாள். வாத்தியார் ஏழு போடுவேன் என்றதைப் பத்தண்ணன் அவளிடம் சொல்லவில்லை. பெயில் ஆன மாதிரி வெட்கமாக இருந்தது.

அடுத்த மாசம் ஆறாம் தேதி காலையில் மேனேஜர் அவரைக் கேபினுக்குக் கூப்பிட்டார். மேனேஜர் இவரை விடப் பதினைந்து வயசு சின்னவர். கதவைச் சாத்தச் சொன்னார்.

"அண்ணே, வாத்தியார் வண்டிக்கு நேத்து போன் போயிருக்கு. தலைமை ஆபீஸ்ல இருந்து பதிவ அனுப்பியிருக்காங்க. கேளுங்க."

கம்ப்யூட்டரில் ஒரு பெண் குரல் வந்தது. "வணக்கம் மேடம், புது வண்டிக்கு வாழ்த்துகள். ரெண்டு நிமிஷம் பேசலாமா?"

"பத்து" என்றாள் பத்தண்ணன் மனைவி.

"மேடம், வண்டி எந்தத் தேதி எடுத்தீங்க?"

"பத்து."

"இன்னைக்கே அஞ்சாம் தேதிதான் மேடம்."

"பத்து."

"சரி மேடம். எங்க சேல்ஸ்மேன், இத்தனை மார்க் போடுங்கன்னு உங்ககிட்ட கேட்டாரா?"

"பத்து."

நாலு பத்து முடிந்துவிட்டது. அவளைப் பொறுத்தவரை வேலை தீர்ந்தது. போனை மேஜையில் வைத்த சத்தம் கேட்டது, கட் பண்ணவில்லை. அந்தப் பெண் "ஹலோ, மேடம்" என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். பிறகு வேறொரு குரல் வந்தது. பக்கத்துத் தெருவில் இருக்கிற பத்தண்ணனின் கொழுந்தியாள், அக்காவைப் பார்க்க அப்போதுதான் உள்ளே வந்திருக்கிறாள்.

"யாருக்கா போன்ல? உனக்குத்தான் போன்ல கேக்காதே."

"மாமா வேலை விஷயம்டி. நாலு பத்து சொல்லணும், சொல்லிட்டேன்." காது கேட்காதவர்கள் பேசுகிற மாதிரி உரக்கத்தான் பேசினாள். "மூஞ்சி தெரியாம எப்படிடி கேக்கும்?"

"மாமா பேசறது மட்டும் கேக்குதாக்கும்."

"அதுவும்தான் இல்ல. மில்லுல அந்தச் சத்தத்துல எல்லாரும் வாயப் பாத்துத்தானே பேசிப்போம். அதே பழக்கத்துல இவர் வாயப் பாத்துப் புடிச்சுக்குவேன். ரெண்டு வருஷமா அந்த மீசை வேற வந்து பாதிய முழுங்குது. அவர் எப்ப சிரிக்கிறாரோ அப்ப நானும் சிரிச்சுடுவேன். அவர்கிட்ட சொல்லி வைக்காத. நாள் பூரா ஊருக்குப் பேசிட்டு வர்ற மனுஷன், வீட்ல ஒருத்தி கேக்கறான்னு நெனச்சுட்டு இருக்கார். இருந்துட்டுப் போகட்டும்."

"நன்றி மேடம்" என்று அந்தப் பெண் சொன்னாள், பதிவு நின்றது.

மேனேஜர் பேனா மூடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். "யாருண்ணே இது?"

"வீட்ல" என்றார் பத்தண்ணன்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. ஷோரூமில் மார்க் குறைந்தால் அவர் சம்பளத்திலும் கை வைப்பார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். "நம்பர் தப்பா ஏறிடுச்சுன்னு மேல எழுதிடறேன். வாத்தியாருக்கு நேராப் போன் போகும். வர்றது வரட்டும்" என்றார்.

"ஏழு வரும் சார்."

"அவ்வளவு சரியாத் தெரியுமா?"

"வாத்தியார் வார்த்தை மாற மாட்டார்."

வெளியே வந்தார். வாசலில் ஒரு குடும்பம் வந்து நின்றது. யார் போய்ப் பேசுவது என்பதில் அன்றைக்கு அவர் முறை. பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்து, "நீ போ" என்றார். ஷோரூமில் யாரும் யாருக்கும் முறையை விட்டுக்கொடுத்துப் பார்த்ததில்லை. அந்த ஆள் நம்பாமல் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

மீசை அவர் ஆசைப்பட்டு வளர்த்ததில்லை. இரண்டு வருஷம் முன்னால் பயிற்சி கொடுக்க வந்த ஒருத்தர், அடர்த்தியான மீசை வைத்த முகத்தைப் பார்த்தால் வாங்குகிறவருக்கு நம்பிக்கை வரும் என்று படம் போட்டுக் காட்டினார். ஆறு பேர் வளர்த்தார்கள். விற்பனை ஏறவில்லை, ஐந்து பேர் எடுத்துவிட்டார்கள். இவர் மட்டும் செலவில்லாத விஷயம்தானே என்று விட்டுவைத்திருந்தார்.

சாயந்திரம் வீட்டுக்குப் போய் நேரே குளியலறைக்குள் நுழைந்து தாழ் போட்டார். மீசையை எடுத்தார். எடுத்து முடித்தபின் கண்ணாடியில் தெரிந்த வாயைப் பார்த்துக்கொண்டே நின்றவருக்கு அழுகை வந்துவிட்டது. வெளியே கேட்கக் கூடாதே என்று குழாயைத் திறந்துவிட்டு அழுதார். குழாயைத் திறக்கத் தேவையில்லை என்பது பாதி அழுகையில்தான் ஞாபகம் வந்தது. அதன்பிறகு இன்னும் கொஞ்சம் அழுதார்.

"என்னங்க இது?" என்றாள் மனைவி.

"வெயிலுக்கு" என்றார்.

அவள் அவர் வாயையே பார்த்தாள். அன்றைக்கு அவர் கதை எதுவும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. சாப்பிடும்போது மட்டும், உதட்டை நன்றாக அசைத்து, "உப்பு சரியா இருக்கு" என்றார்.

எட்டாம் தேதி வாத்தியார் போன் பண்ணினார். "தம்பி, இன்னைக்குத்தான் எனக்குப் போன் வந்தது. சொன்ன மாதிரி எல்லாத்துக்கும் ஏழு போட்டேன். வீட்ல வலியில்லாம ஏறி இறங்கறாங்க." பத்தண்ணன் "ரொம்ப நன்றி சார்" என்றார். யோசித்துப் பார்த்தால் அந்த மாசம் அவருக்கு வந்த ஆறு மதிப்பெண்ணில் கெஞ்சினதுக்காகப் போடாதது அது ஒன்றுதான். அதனால் பணம் கூடிவிடவில்லை. இன்சென்டிவ் பாதிதான் வந்தது.

பதிமூன்றாம் தேதி மனைவியைக் கூட்டிக்கொண்டு காது மெஷின் கடைக்குப் போனார். ஜோடிக்கு வைத்திருந்த இடத்தில் ஒற்றைக்குத்தான் பணம் இருந்தது. எந்தக் காதுக்கு என்று கடைப் பெண் கேட்டாள். மனைவி யோசித்து, "ரோட்டுப் பக்கம் இருக்கற காதுக்கு" என்றாள். அப்படி நிரந்தரமாக ஒரு காது கிடையாது என்று அந்தப் பெண் பொறுமையாக விளக்கி, சோதித்துப் பார்த்து, வலது காதில் பொருத்தினாள். இன்னொன்றை எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டாள். பதினைந்தாம் தேதிக்குள் முடியாது என்றார் பத்தண்ணன். "அடுத்த மாசமும் இதே விலைதான் சார்" என்றாள் அவள், குனிந்து பில் எழுதிக்கொண்டே. பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"சார், உங்களுக்கு ஒரு போன் வரும்..."

"பத்துன்னு சொல்லணும். ஒன்பது கூட வேணாம்" என்றார் பத்தண்ணன். "வீட்டு நம்பரையே எழுதிக்கம்மா. அவங்களே பேசுவாங்க."

நாலு நாள் கழித்து, சாயந்திரம் வேலையிலிருந்து வந்தவர் வாத்தியார் கதையை ஆரம்பித்தார். நோட்டு, அளவு டேப், பதினோரு தடவை எல்லாம் நடித்துக் காட்டினார். இடையில் சட்டையைக் கழற்றிக் கதவுக்குப் பின்னாலிருந்த ஆணியில் மாட்டிக்கொண்டே, பதினொண்ணு போடுங்க சார் என்றதையும், அதற்கு வாத்தியார் சொன்னதையும் அவர் குரலிலேயே சொன்னார். திரும்பி வந்து உட்கார்ந்து, சீட் பெல்ட்டோடு கதையை முடித்து வழக்கம்போல் தானே முதலில் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் ஏதோ கேட்க வாயெடுக்கும்போது போன் அடித்தது. அவளே எழுந்து போய் எடுத்து வலது காதில் வைத்தாள். எதிர்ப்பக்கம் கேள்வி முழுசாக முடியும் வரை காத்திருந்தாள். "ஆமாங்க, நான்தான் பேசறேன். நல்லாக் கேக்குது. அந்தப் பொண்ணுக்குப் பத்து" என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் கேட்டாள். "எல்லாத்துக்கும் பத்துதாங்க" என்று சொல்லிக் கட் பண்ணிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நம்ம கதைக்கு எத்தனை?" என்றார் பத்தண்ணன். பழக்க தோஷம்.

"ஏழு."

அவர் முகம் சுருங்கியது. "ஒரு ஒன்பதாவது போடக்கூடாதா?"

"வாத்தியார்தான் சொன்னாரே. ஏழு நல்ல மார்க். பையனுக்கே ஆறுதான் போட்டிருக்காராம்."

பத்தண்ணன் கதவைத் திரும்பிப் பார்த்தார். சட்டை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த இடத்தைச் சொன்னபோது அவர் முகம் சட்டைப் பக்கம் இருந்தது, முதுகுதான் அவளுக்குத் தெரிந்திருக்கும்.